இன்ஜின் இறக்கணும்னு மெக்கானிக் சொன்னா, உடனே புது பைக் இஎம்ஐ போடாதீங்க!



எஸ்ஐபி, டெர்ம் இன்சூரன்ஸ், வரி சேமிப்புன்னு பேசற இடத்துல இன்னிக்கு எதுக்கு பைக் இன்ஜின் பத்தின பேச்சுன்னு உங்களுக்குத் தோணலாம். காரணம் இருக்கு. 20,000, 25,000 சம்பளத்துல வேலை பாக்கற ஒருத்தரோட சேமிப்பை ஒரே மாசத்துல காலி பண்ற செலவு எதுன்னு யோசிச்சுப் பாருங்க. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அடுத்தபடியா வர்றது பைக்தான். ஆஸ்பத்திரிக்காவது இன்சூரன்ஸ் இருக்கு. தேய்ஞ்சு போன இன்ஜினுக்கு எந்த இன்சூரன்ஸும் காசு தராது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இன்ஜின் பிரிக்கிற நிலைமைக்கு வர்ற பல பைக்குங்க வயசாகி அங்க வர்றதில்ல, ஆயில் இல்லாம வருது. அப்படியே வந்துட்டாலும், பழசைத் தள்ளிட்டு புது பைக்கை லோன்ல எடுக்கறது பெரும்பாலும் தப்பான கணக்கு. ரெண்டையும் எண்களோட பாக்கலாம்.

பைக் சொத்து இல்ல, ஆனா சம்பளத்துக்கு வழி அதுதான்

காலைல ஏழரை மணிக்கு காட்பாடி ரயில்வே மேம்பாலத்துப் பக்கம் நின்னு பாருங்க. விஐடி, சிஎம்சின்னு வேலூர் பக்கம் போறவங்க ஒரு கூட்டம். திருவலம் ரோட்டைப் பிடிச்சு ராணிப்பேட்டை சிப்காட்டுக்கும் பெல் கம்பெனிக்கும் போறவங்க இன்னொரு கூட்டம். பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போறவங்க வேற. இவங்கள்ல நிறைய பேருக்கு ஷிப்ட் நேரம் நிமிஷக் கணக்கு. கேட்டுக்குள்ள லேட்டா போனா அரை நாள் சம்பளம் போகும். மாசம் முழுக்க லீவு போடாம வந்தா கிடைக்கிற அட்டெண்டன்ஸ் போனஸும் அதோட சேர்ந்து போகும்.

பைக் ஒரு நாள் நின்னா மெக்கானிக் பில்லோட விஷயம் முடியறதில்ல. அந்த நாள் சம்பளம், ஆட்டோ காசு, போனஸ் எல்லாம் சேர்த்துத்தான் அதோட விலை.

இன்னொன்னையும் யோசிங்க. நீங்க வேலை பாக்கற ஃபேக்டரியில மெஷின் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே, தேதி போட்டு நிறுத்தி, ஆயில் ஊத்தி, பெல்ட் பாத்து, ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடுவாங்க. மெஷின் மேல பாசம் வெச்சு செய்யறதில்ல. லைன் நின்னா எவ்வளவு நஷ்டம்னு முதலாளிக்குத் தெரியும். அதே கணக்கை நம்ம பைக்குக்கு நாம போடறதில்ல.

"மற"ங்கற வார்த்தைதான் காஸ்ட்லி

1985-ல ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தப்போ ஒரு விளம்பரம் இந்தியா முழுக்கப் பிரபலம். பெட்ரோல் போடு, மூடு, மறந்துடு. மைலேஜைப் பத்தி சொன்ன வாசகம் அது. ஒரு தலைமுறையே அதை மொத்த பைக்குக்கும் எடுத்துக்கிச்சு. அப்பா அப்படித்தான் ஓட்டினார், நாமளும் அப்படித்தான் ஓட்டறோம்.

அந்த மறதி எங்க அடிக்குதுன்னு பாருங்க. 100, 125 சிசி பைக்ல இருக்கற மொத்த ஆயிலே கிட்டத்தட்ட ஒரு லிட்டர்தான். கார்ல மூணு, நாலு லிட்டர் இருக்கும். கார்ல முந்நூறு மில்லி குறைஞ்சா பத்துல ஒரு பங்குதான் குறையுது. பைக்ல அதே முந்நூறு குறைஞ்சா மூணுல ஒரு பங்கு காலி.

அந்த ஒரு லிட்டருக்கு வேலையும் அதிகம். பிஸ்டனுக்கு அதுதான், கியர் பாக்ஸுக்கு அதுதான், கிளட்ச் பிளேட் முங்கியிருக்கறதும் அதுலதான். இந்த ரக பைக்குல ரேடியேட்டர் கிடையாது. காத்து பட்டு ஆறுற இன்ஜின். அதனால சூட்டை எடுத்துட்டு வர்ற வேலையையும் ஆயிலே பாக்குது. கத்திரி வெயில்ல வேலூர்ல 40 டிகிரி தாண்டறது நமக்குப் புதுசில்ல. அந்த வெயில்ல டிராபிக்ல நின்னு, ஹாஃப் கிளட்ச்ல ஊர்ந்து போகும்போது காத்தும் படாது. அப்போ இன்ஜினைக் காப்பாத்தறது அந்த ஒரு லிட்டர் மட்டும்தான்.

பல கம்யூட்டர் பைக்ல ஆயில் குறைஞ்சா எரியற லைட்டும் கிடையாது. பைக் உங்ககிட்ட சொல்லாது. நீங்கதான் பாக்கணும்.

எப்படிப் பாக்கறது? ரெண்டு நிமிஷ வேலை

சமதரையில சென்டர் ஸ்டாண்டு போடுங்க. இன்ஜினை ரெண்டு, மூணு நிமிஷம் ஓட விட்டு நிறுத்துங்க. இன்னும் ரெண்டு, மூணு நிமிஷம் விடுங்க, ஆயில் கீழ இறங்கட்டும். டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைச்சு, திரும்ப விட்டுப் பாருங்க. மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவுல இருக்கணும். சில பைக்ல டிப் ஸ்டிக்கைத் திருகாம உள்ள விட்டுப் பாக்கணும், அது மேனுவல்ல போட்டிருக்கும். சில பைக்ல டிப் ஸ்டிக்குக்குப் பதிலா சின்ன கண்ணாடி வட்டம் இருக்கும், வண்டியை நேரா நிறுத்திப் பாத்தாலே தெரியும்.

பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை போதும். வண்டி பழசா இருந்தா வாரம் ஒரு தடவை.

என்ன ஆயில்? மேனுவல்ல போட்டிருக்கற கிரேடு. ஒரு கம்பெனி 10டபிள்யூ-30 சொல்லும், இன்னொன்னு 20டபிள்யூ-50 சொல்லும். பக்கத்து வீட்டு அண்ணன் ஊத்தறதை நீங்க ஊத்த வேண்டியதில்ல. கியர் பைக்குக்கு டப்பாவுல ஜாசோ எம்ஏன்னு (அல்லது எம்ஏ2ன்னு) இருக்கான்னு பாருங்க. கார் ஆயில் மிச்சம் இருக்குன்னு ஊத்தாதீங்க. அதுல இருக்கற வழுக்கற சரக்கு கிளட்ச் பிளேட்டை ஸ்லிப் ஆக்கும். ஸ்கூட்டர் ஓட்டறவங்களுக்கு ஒரு வார்த்தை: இன்ஜின் ஆயில் தனி, பின் சக்கரத்துப் பக்கம் இருக்கற கியர் ஆயில் தனி. அது நூறு மில்லி சொச்சம்தான். ஆனா அதை மாத்தினாங்களான்னு சர்வீஸ்ல நிறைய பேர் கேக்கறதே இல்ல.

அடுத்து, கிலோமீட்டர். காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை போக 22, வர 22 கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க. மாசம் 25 நாளுக்கு 1,100 கிலோமீட்டர். வருஷத்துக்கு 13,200. உங்க மேனுவல்ல 3,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில்னு இருந்தா, வருஷத்துக்கு நாலு, அஞ்சு தடவை மாத்தணும். "பொங்கலுக்கு ஒண்ணு, ஆயுத பூஜைக்கு ஒண்ணு"ன்னு மாத்தினா 6,000 கிலோமீட்டருக்கு மேல ஒரே ஆயில்ல ஓடறீங்கன்னு அர்த்தம்.

காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரைக்கும் தினமும் பைக்ல போறவங்களுக்கு இது இன்னும் பெரிசு. போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல. மாசம் 2,500 தாண்டிடும். ஷிப்ட் நேரம் ஒத்து வந்தா, ஜோலார்பேட்டை பக்கம் போற ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுத்துட்டு, பைக்கை ஸ்டேஷன்ல விட்டுப் போறதையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க. பெட்ரோல் மட்டுமில்ல, இன்ஜின் ஆயுசும் மிச்சம்.

"இன்ஜின் போச்சு"ன்னு சொன்னா முதல்ல கேக்க வேண்டியது

வண்டி இழுக்கல, மைலேஜ் இல்ல. இந்த ரெண்டுக்கும் இன்ஜின்தான் காரணம்னு முடிவு பண்ணாதீங்க. டயர்ல காத்து கம்மியா இருக்கலாம். பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்கலாம். செயின் காய்ஞ்சு போயிருக்கலாம். ஏர் ஃபில்டர் தூசில அடைச்சிருக்கலாம். கிளட்ச் பிளேட் தேய்ஞ்சிருக்கலாம். ஸ்பார்க் பிளக் போயிருக்கலாம். இதெல்லாம் சின்னச் சின்ன செலவு. எதுக்கும் இன்ஜினை இறக்க வேண்டாம்.

புகையைப் பாருங்க. கருப்பா வந்தா பெட்ரோல் அதிகமா போகுது, பெரும்பாலும் ஃபில்டர் இல்லன்னா ட்யூனிங் பிரச்சினை. மார்கழிக் குளிர்ல ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்சம் வெள்ளையா வந்து நின்னா, அது ஈரம், விடுங்க. நீலமா, எண்ணெய் கருகற வாசனையோட வந்தாத்தான் ஆயில் எரியுது. அதுலயும் ரெண்டு வகை. காலைல ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வந்து அப்புறம் நின்னுட்டா, வால்வு சீல் மேல சந்தேகம். ஓடும்போது முறுக்க முறுக்க வந்துக்கிட்டே இருந்தா பிஸ்டன் ரிங், போர் மேல சந்தேகம்.

சந்தேகத்தை உறுதி பண்ண கம்ப்ரஷன் டெஸ்ட் இருக்கு. பிளக்கைக் கழட்டி கேஜ் வெச்சுப் பாப்பாங்க. கம்மியா காட்டினா, பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்பப் பாப்பாங்க. இப்போ கூடினா ரிங் பக்கம் பிரச்சினை. கூடலைன்னா வால்வு பக்கம். இன்ஜினைத் தொடாமலே பாதி விடை கிடைச்சுடும்.

அடுத்த கேள்விதான் காசைத் தீர்மானிக்கும். மெக்கானிக்கிட்ட இப்படிக் கேளுங்க: "அண்ணே, ஹெட்டோட முடிஞ்சிடுமா, பிளாக் பிஸ்டன் வரைக்கும் போகணுமா, இல்ல ஃபுல்லா இறக்கணுமா?"

மூணும் ஒண்ணு இல்ல. பல கம்யூட்டர் பைக்ல ஹெட், பிளாக், பிஸ்டன் வேலையை இன்ஜின் சேசிஸ்லயே இருக்கும்போது செய்யலாம். கீழ கிராங்க், கனெக்டிங் ராட், கியர் பாக்ஸ் பேரிங்னு போனாத்தான் முழுசா இறக்கி ரெண்டாப் பிரிக்கணும். செலவு, நாள் ரெண்டும் அங்கதான் ஏறுது. டக் டக்னு டேப்பட் சத்தம் கேக்கற வண்டிக்கு சில சமயம் வால்வு கேப் சரி பண்ணாலே போதும். அதையும் அடியிலிருந்து வர்ற கடகட சத்தத்தையும் ஒரே தட்டுல வைக்கக் கூடாது.

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோவிச்சுக்க மாட்டார். "தம்பி, திறந்து பாத்தாத்தான் தெரியும்"னு சொன்னா அதுவும் நியாயம்தான். அப்போ திறந்ததும் போட்டோ அனுப்பச் சொல்லுங்க. மேற்கொண்டு கைவைக்கறதுக்கு முன்னாடி எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்க. மாத்தின பழைய பார்ட்ஸைத் திரும்பக் கேளுங்க. கேஸ்கட், ஆயில் சீல் புதுசு போடச் சொல்லுங்க, அதுல மிச்சம் பிடிச்சா ஆறு மாசத்துல திரும்ப அதே இடத்துல ஆயில் கசியும்.

இன்னொரு எச்சரிக்கை. "பழைய இன்ஜின் ஒண்ணு இருக்கு, அப்படியே மாட்டிடலாம், சீப்பா முடியும்"னு யாராவது சொன்னா நிதானமா இருங்க. ஆர்.சி.ல இன்ஜின் நம்பர் இருக்கு. ஹெட், பிளாக் மாத்தினா அந்த நம்பர் மாறாது. நம்பர் அடிச்சிருக்கற கேஸோட முழு இன்ஜினையே மாத்தினா, ஆர்டிஓ-வுல அனுமதி வாங்கி ஆர்.சி.யில மாத்தணும். இல்லன்னா விக்கும்போதும் பிரச்சினை, இன்சூரன்ஸ் க்ளைம்லயும் பிரச்சினை. அந்த இன்ஜின் திருட்டு வண்டியோடதா இருந்தா, போலீஸ் ஸ்டேஷன்ல பதில் சொல்ல வேண்டியது நீங்க.

இப்போ கணக்கு: ரிப்பேரா, புது பைக்கா?

மெக்கானிக் 13,000 ரூபாய் ஆகும்னு சொல்றார்னு வெச்சுக்கோங்க. உடனே மனசு எங்க போகும்? "இதுக்கு 13,000 போடறதுக்கு, அதையே டவுன் பேமென்ட்டாக் கட்டி புதுசு எடுத்துடலாமே!" 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக் குறைஞ்சது வேற இருக்கு. ஷோரூம்லயும் அதைத்தான் சொல்வாங்க.

சரி, 90,000 லோன், 3 வருஷம், "பத்தே பெர்சென்ட்"னு சொல்றாங்க. அது ஃபிளாட் ரேட்டான்னு கேளுங்க. ஃபிளாட்னா, நீங்க மாசா மாசம் அசலைக் கட்டிக் குறைச்சாலும் வட்டி முழு 90,000-க்கும் மூணு வருஷமும் ஓடும். வட்டி 27,000. மொத்தம் 1,17,000. இஎம்ஐ 3,250. குறைஞ்சுக்கிட்டே வர்ற பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டுப் பாத்தா, இது உண்மையில கிட்டத்தட்ட 18 சதவீதம். 22,000 சம்பளத்துல இந்த இஎம்ஐ ஏழுல ஒரு பங்கு.

இப்போ என்னோட எளிமையான கணக்கு: ரிப்பேர் செலவை இஎம்ஐ-யால வகுங்க. 13,000-ஐ 3,250-ஆல் வகுத்தா 4. அதாவது ரிப்பேர் பண்ண பைக் நாலு மாசம் ஓடினாலே, செலவழிச்ச காசு இஎம்ஐ-க்குச் சமம். அஞ்சாவது மாசத்துலேர்ந்து 3,250 உங்க பாக்கெட்ல. ஒழுங்காப் பிரிச்சு மாட்டின இன்ஜின் நாலு மாசத்துக்கு மட்டும் ஓடறதில்ல, நல்லாப் பாத்துக்கிட்டா வருஷக் கணக்கில ஓடும்.

நியாயமா எதிர்க் கணக்கும் போடுவோம். மூணு வருஷத்துல 1,17,000-லேர்ந்து ரிப்பேர் 13,000 கழிச்சா 1,04,000. புது பைக்குக்கு அப்போ கூடுதல் மறுவிலை இருக்கும், அதுக்கு 50,000 கழிங்க. பழைய வண்டிக்கு நடுவுல இன்னொரு 10,000 செலவு வரும்னு அதையும் கழிங்க. அப்பவும் 44,000 மிச்சம். வட்டி, லாபம் எதுவும் சேர்க்காமலே. உங்க எமர்ஜென்சி ஃபண்டுக்கு அது ரெண்டு மாச சம்பளம்.

புதுசு வாங்கறதே தப்புன்னு நான் சொல்லல. சேசிஸ் துருப்பிடிச்சிருந்தா, பார்ட்ஸ் கிடைக்காத மாடலா இருந்தா, 15 வருஷ ரெஜிஸ்ட்ரேஷன் முடியப் போகுதுன்னா, ஒரே வருஷத்துல ரெண்டாவது தடவை இன்ஜின் பிரிக்கச் சொன்னா, தாராளமா மாத்துங்க. ஆனா அப்பவும் காசு சேர்த்துட்டு மாத்துங்க. வண்டி நின்ன அன்னிக்கே, ஆபீஸுக்குப் போகணுமேங்கற பதட்டத்துல ஷோரூமுக்குப் போறவருக்கு பேரம் பேச வாயே வராது.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க

2018 செப்டம்பர்லேர்ந்து புது பைக்குக்கு அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். நிறைய பேர் "அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு"ன்னு நிம்மதியா இருக்காங்க. அது எதிராளிக்கு ஆகற சேதத்துக்குத்தான். உங்க இன்ஜினுக்கு அதுல ஒரு ரூபாய் கிடையாது. சொந்த சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசியில கூட தேய்மானத்துக்கும், மெக்கானிக்கலாப் பழுதாகறதுக்கும் கவர் இல்ல.

ஐப்பசி, கார்த்திகை மழையில தேங்கின தண்ணில வண்டி ஆஃப் ஆயிட்டா, செல்ஃப் அடிக்காதீங்க, கிக்கரையும் உதைக்காதீங்க. உள்ள தண்ணி போயிருந்தா, ஸ்டார்ட் பண்ற முயற்சியிலதான் கனெக்டிங் ராட் வளையும். இப்படி ஸ்டார்ட் பண்ணதால வந்த சேதத்துக்கு சாதாரண பாலிசியில பொதுவா பணம் வராது. தள்ளிக்கிட்டே மெக்கானிக்கிட்ட போங்க. ஆயில் பால் கலந்த டீ கலர்ல இருந்தா, மாத்தாம ஓட்டக் கூடாது.

இது காசு விஷயம் மட்டுமில்ல. ஆயில் இல்லாம ஹைவேயில வேகமாப் போகும்போது இன்ஜின் ஜாம் ஆனா பின் சக்கரம் அப்படியே லாக் ஆகலாம். பின்னாடி லாரி வந்துக்கிட்டு இருக்கும். அந்த நொடியில செய்ய வேண்டியது கிளட்ச்சை முழுசாப் பிடிக்கறது, மெதுவா ஓரம் கட்டறது. இதை இப்பவே மனசுல பதிய வெச்சுக்கோங்க.

கிலோமீட்டருக்கு 50 பைசா

கடைசியா, செய்ய வேண்டிய ஒரே ஒரு விஷயம். ஓட்டற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 50 பைசா தனியா எடுத்து வைங்க. மாசம் 1,100 கிலோமீட்டர்னா 550 ரூபாய். வருஷத்துக்கு 6,600. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி-யோ, பேங்க் ஆர்டி-யோ, எதுவா இருந்தாலும் சரி. ஆயில், செயின் ஸ்பிரே, ஃபில்டர், பிளக், பிரேக் ஷூ எல்லாம் இதுலேர்ந்துதான். மிச்சம் அப்படியே சேரட்டும், டயருக்கும், என்னிக்காவது இன்ஜின் வேலை வந்தா அதுக்கும் உதவும். அந்தக் காசு கையில இருந்தா, மெக்கானிக் கடையில நிக்கும்போது உங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். கையில இல்லன்னா கிரெடிட் கார்டுதான் முடிவெடுக்கும்.

இன்ஜின் வேலை ஏற்கனவே முடிச்சவங்களுக்கு: முதல் 500 கிலோமீட்டர் முறுக்காம, ஒரே வேகத்துல இழுக்காம, டபுள்ஸ் குறைச்சு ஓட்டுங்க. 500-ல ஒரு தடவை ஆயிலை மாத்திடுங்க. புது ரிங்கும் போரும் ஒண்ணோட ஒண்ணு உக்காரும்போது உதிர்ற பொடியெல்லாம் அந்த ஆயில்லதான் இருக்கும். 13,000 செலவு பண்ணிட்டு அந்த 400 ரூபாய் ஆயில்ல மிச்சம் பிடிக்காதீங்க.

இன்னிக்கு சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க. கீழ் கோட்டுக்கும் கீழ இருந்தா, நாளைக்குக் காலைல கம்பெனிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஆயில் கடைக்குப் போங்க. அடுத்த எஸ்ஐபி-யைப் பத்தி நாம அப்புறம் பேசிக்கலாம்.